பரணிலிருந்து இறங்கிய கணக்கேடுகள்: கட்டைக் கலைக்காமல் காப்பதும் படிப்பதும் ஒப்படைப்பதும்

பரணிலோ தகரப் பெட்டியிலோ பாட்டன் காலத்துக் காகிதங்கள் கிடைத்தால், பலரும் முதலில் எல்லாவற்றையும் தரையில் கொட்டுகிறார்கள். பத்திரம் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், கணக்கு நோட்டு ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்குகிறார்கள். கரையான் பல ஆண்டுகளில் செய்யும் சேதத்தை இந்த அரைமணி நேரம் செய்துவிடும். கடன் கொடுத்தவர் புரோநோட்டையும், அதற்கு வந்த வட்டி ரசீதையும், கடன் வாங்கியவர் தவணை கேட்டு எழுதிய கடிதத்தையும் ஒரே நூலில் கட்டியிருப்பார். கடிதத்தில் ஆண்டு இருக்காது, தபால் முத்திரையில் இருக்கும். ரசீதில் ஊர் இருக்காது, நோட்டில் இருக்கும். நூலை அவிழ்த்து மூன்றையும் மூன்று குவியலில் போட்டால், எது எதற்கு உரியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதி: கட்டைக் கட்டாகவே வையுங்கள். காப்பது, படமெடுப்பது, படிப்பது, காப்பகத்துக்குக் கொடுப்பது எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

பெட்டியைத் திறக்கும் நாள்

மூடியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஓர் அடுக்கு எடுத்தவுடன் அடுத்த படம். இப்படி அடிவரைக்கும் போனால், எந்தக் கட்டு எதன் மேல் கிடந்தது என்பது பதிவாகிவிடும். கட்டுகளுக்கு மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எண்ணைக் கட்டின் மேல் எழுதக் கூடாது. தனித் துண்டுத் தாளில் 2பி பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா, ஸ்கெட்ச், ஒட்டுச் சீட்டு எதுவும் அந்த மேசைக்கு வரவே கூடாது. ஒட்டுச் சீட்டை எடுத்த பின்னும் அதன் பசை தாளில் தங்கித் தூசியை இழுக்கும்.

தாளைத் தொடக் கையுறை வேண்டாம். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, நொறுங்கிய தாள் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். புகைப்படங்களும் நெகட்டிவ்களும் இருந்தால் மட்டும் நைட்ரைல் கையுறை அணியுங்கள். விரல் கொழுப்பு அவற்றில் நிரந்தரத் தடமாகும். பூஞ்சை வாடை அடித்தால் என்95 முகக்கவசம் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறைக்கே வராமல் இருப்பது நல்லது.

வீட்டில் மூத்தவர் இருந்தால், கட்டைத் திறக்கும் முன் அவரை அருகில் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டாகக் காட்டுங்கள். "இது மேல வீட்டுப் பாகப்பிரிவினைக் கட்டு" என்று அவர் சொல்லும் ஒரு வரி, பின்னால் பத்து நாள் தேடலை மிச்சமாக்கும். சொன்னதைச் சொன்னபடியே, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் இருப்பதையும் நினைவில் இருந்து வந்ததையும் கலக்காதீர்கள்.

தூசி, பூச்சி, பூஞ்சை

தூசியைத் துடைக்க மென்மையான தட்டைத் தூரிகை, இரண்டங்குல அகலம். நோட்டானால் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். உள்பக்கமாகத் தள்ளினால் தூசி தையலுக்குள் போய் உட்காரும், இராமபாணப் பூச்சிக்கு அதுவே வீடு. ஈரத்துணி கூடவே கூடாது. அந்தக் காலத்து ரப்பர் முத்திரைகளும், நனைந்தால் ஊதாவாக மாறும் காப்பிங் பென்சில் எழுத்தும் ஒரு சொட்டு நீரில் பரவிவிடும். கடைக் கணக்கிலும் தபால் அட்டையிலும் இந்தப் பென்சில் மிகுதியாகப் புழங்கியது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலவே சாம்பல் நிறத்தில் தெரியும், அதனால் ஏமாந்துபோவோம்.

தாளில் பழுப்புக் கோடுகளாக எழுத்து எரிந்து ஓட்டை விழுந்திருந்தால், அது இரும்புச் சத்துள்ள மையின் வேலை. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மை அமிலமாகித் தாளை அரிக்கிறது. இத்தகைய தாளை மடிக்கவோ வளைக்கவோ கூடாது, எழுத்து இருக்கும் கோட்டிலேயே முறியும். தனித்தனி உறையில் மட்டமாக வையுங்கள்.

உயிருள்ள பூச்சி இருக்கிறதா என்று அறிய, கட்டை வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாக மாவு போன்ற தூள் விழுந்தால் பூச்சி வேலை நடக்கிறது. பாலித்தீன் பையில் காற்று வெளியேற்றி இறுக்கிக் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிரில் ஒரு வாரமோ, மைனஸ் 18 எட்டும் வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரமோ வைக்கலாம். ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் உள்ளறை அவ்வளவு குளிராது, அதை நம்ப வேண்டாம். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சையை வரவழைப்போம். புகைப்படங்களும் ஓலைகளும் இந்த முறைக்கு வேண்டாம்.

பூஞ்சை பஞ்சு போலவும் ஈரமாகவும் இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. தேய்த்தால் பரவும். அந்தக் கட்டை மட்டும் காகிதப் பையில் தனியே வைத்து, காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள். பொடியாக உலர்ந்த பிறகுதான் தூரிகை. வெயிலில் விரித்தால் மை வெளிறும், தாள் சுருளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும் என்பதை நினைவில் வைத்து, அலமாரிக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் போட்டு வையுங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் நிம்மதி. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அந்த அளவு கிடைக்காது. அங்கே முக்கியம் காற்று ஓடுவது: வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி, பாலித்தீனில் அடைக்காமல் வைப்பது.

வேப்பிலை, வசம்பு போடுவது பழைய வழக்கம். போடலாம், ஆனால் துணிமுடிச்சாகக் கட்டி அலமாரி மூலையில். தாளுக்கு நடுவே செருகினால் எண்ணெய்க் கறை பிடிக்கும். அந்துருண்டை வேண்டாம், அதைச் சுவாசிக்கப் போவது நாம்தான்.

செல்லோ டேப், லாமினேஷன், ரப்பர் பேண்டு மூன்றையும் முழுவதும் விலக்குங்கள். டேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி உரிந்து, பசையைத் தாளுக்குள் விட்டுப் போகும். சூட்டில் ஒட்டிய லாமினேஷனை யாராலும் பிரிக்க முடியாது. பத்திரத்தைப் "பத்திரமாக" லாமினேட் செய்து கெடுத்த வீடுகள் ஏராளம். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவிலிருந்து தாளை விடுவித்த பின்பே மெல்ல உருவ வேண்டும். ஊசி கோத்திருந்த தாள்கள் ஒன்றாகவே இருக்க, அவற்றை அமிலமற்ற தாளால் செய்த ஒரே மடிப்புறைக்குள் வைத்துப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிசலை ஒட்டுவது பயிற்சி பெற்றவரின் வேலை. மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு அவர்கள் ஒட்டுவதை, தேவைப்பட்டால் ஈரமிட்டுத் திரும்பப் பிரிக்கலாம்.

ஓலை கிடைத்தால் இரு முனையிலும் தாங்கிப் பிடியுங்கள், வளைக்காதீர்கள். எழுத்து தெரியவில்லை என்று உடனே மை தடவ வேண்டாம். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கடித்தாலே கீறல்கள் நிழலாகத் தெரியும். எண்ணெயும் கரியும் தடவுவதைச் சுவடி நூலகத்தாரிடம் விடுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இதற்குப் பழகியவை.

படமெடுத்தல்

படமெடுக்கும் வரிசை கட்டின் வரிசை. பாதி கிழிந்த தாள், வெற்றுத் தாள், அட்டை, அட்டையின் உள்பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். தாளின் பின்புறத்தை விடாதீர்கள், குறிப்பாகப் புரோநோட்டுகளில். நோட்டுக் கடனுக்கு வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் மூன்றே ஆண்டு. அதற்குள் கொஞ்சம் வட்டியோ அசலோ பெற்று, பின்புறத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் காலம் மறுபடி தொடங்கும். அதனால் கடனின் கதை முழுவதும் பின்புறத்தில்தான் இருக்கும். முன்புறம் தொடக்க நாளை மட்டும் சொல்லும்.

ஸ்கேனர் தட்டில் தையல் நோட்டைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். மேலிருந்து நோக்கும் கேமராவே சரி. தாளும் கேமராவும் இணையாக இருக்க வேண்டும், இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, ஃபிளாஷ் இல்லாமல். படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். மூல அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். பொடி எழுத்துக் கணக்குக்கு 400 வையுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவில், அன்றாடப் புழக்கத்துக்கு ஜேபெக்.

கோப்புக்கு வைக்கும் பெயர் வெறும் எண்ணாக இருக்கட்டும்: பெட்டி, கட்டு, தாள், பக்கம். 02-07-015-2 என்றால் இரண்டாம் பெட்டி, ஏழாம் கட்டு, பதினைந்தாம் தாள், பின்பக்கம். "தாத்தா கடிதம் புதுசு" என்று பெயரிட்ட கோப்பு ஐந்தாண்டில் அனாதையாகும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள்.

எண்ணைப் படித்தல்

பலர் கைவிடும் இடம் இதுதான், ஆனால் இரண்டு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். தமிழ் இலக்கங்களை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்று எழுத்துகளாக நினைவில் வைப்பார்கள்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯, ௰. பழைய முறையில் பூச்சியம் கிடையாது. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் ௰, ௱, ௲. ஆகவே ௨௰௫ என்றால் 25, ௱௫ என்றால் 105, ௲௮௱௬௰௭ என்றால் 1867. பிற்கால ஏடுகளில் அதே இலக்கங்களை ௧௦௫ என்று இடமதிப்பிலும் எழுதினார்கள். ஒரே நோட்டில் இரண்டும் வரலாம், கணக்குப்பிள்ளை மாறியிருப்பார்.

இவை தவிர ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். கையெழுத்தில் இவை சுழித்து ஒட்டி எழுதப்பட்டிருக்கும். பக்கத்தின் முதல் வரியில் உள்ள தேதியை வைத்து அந்தக் கைக்குரிய வடிவங்களைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பக்கம் திறக்கும்.

பின்னங்கள்: முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் என்னும் மாகாணி (1/16). இன்னொரு வரிசை மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320). ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதால், பண வரியில் மாகாணி என்றால் ஓரணா, அரைக்கால் என்றால் இரண்டணா. ஓர் அணா 12 பை. 1957 ஏப்ரல் 1 அன்று ஒரு ரூபாய் நூறு நயா பைசாவாக மாறியது.

படித்த எண் சரியா என்று தெரிந்துகொள்ள ஏடே கருவி தருகிறது. நேற்றைய இருப்புடன் இன்றைய வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். ரூபாய்-அணா-பை வரிசையில் இருப்பு 212-6-0, வரவு 45-12-6, செலவு 58-10-0 என்றால் மிச்சம் 199-8-6. வரவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாருங்கள். 2 வித்தியாசம் வந்தால் ௪-ஐ ௬ என்றோ ௬-ஐ ௪ என்றோ படித்திருப்பீர்கள், வால் மட்டுமே வேறுபாடு. 8 வந்தால் ௧-க்கும் ௯-க்கும் குழப்பம். கணக்குப்பிள்ளையின் தவறு என்று முடிவு கட்டுவது கடைசியில்தான். அன்றன்று பணப்பெட்டியோடு ஒத்துப்பார்த்து மூடிய ஏடு அது.

வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம் என்று முன்கூட்டியே கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. இதையும் கூட்டிப் பார்த்தே நிறுவுங்கள். சிட்டா என்னும் கைக்குறிப்பில் அவசரமாக எழுதியது நாள்வழி என்னும் தினசரி ஏட்டில் ஒழுங்காகி, அங்கிருந்து ஆளுக்கொரு கணக்காகப் பேரேட்டில் ஏறும், ஆண்டு முடிவில் எல்லாக் கணக்கையும் தொகுத்த ஐந்தொகை. பேரேட்டு வரியின் ஓரத்தில் நிற்கும் தனி எண் பெரும்பாலும் நாள்வழியின் பக்க எண். பேரேடு அரித்துப்போயிருந்தாலும் நாள்வழியிலிருந்து மீட்டெடுக்க முடிவது இதனால்தான்.

தேதி

"விரோதி௵ ஆடி௴ ௰௮௳" என்று இருந்தால் எந்த ஆண்டு? அறுபதாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987 ஏப்ரலில் தொடங்கியது. விரோதி 23ஆம் ஆண்டு, ஆகவே 22 கூட்டினால் 1889, 1949, 2009. எது என்று காகிதம் சொல்லும். முத்திரைத்தாளில் விக்டோரியா இருந்தால் 1889. தாளின் நீர்க்குறி, தபால் தலை, முத்திரைத்தாள் விற்றவரின் குறிப்பு எல்லாவற்றையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வரவு ரசீதில் ஒட்டிய ஓரணா ஸ்டாம்பை உரித்தெடுக்கும் ஆசை சிலருக்கு வரும். அதன் மேல் குறுக்கே ஓடும் கையெழுத்தோடு தேதிச் சான்றும் போய்விடும்.

ஆடி 18 என்றதும் இன்றைய நாட்காட்டியைப் பார்த்து ஆகஸ்ட் 3 என்று எழுதிவிடக் கூடாது. சித்திரை முதல் நாள் இன்று ஏப்ரல் 14. 1850 வாக்கில் அது ஏப்ரல் 11, 12இல் விழுந்தது. அந்த ஆண்டின் பஞ்சாங்கமே சரியான துணை. 1799 வரையிலான தேதிகளுக்கு எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட அட்டவணைகள் இன்னும் பயன்படுகின்றன. ஏட்டில் கிழமையும் எழுதியிருந்தால் நல்லூழ்: மாற்றிய ஆங்கிலத் தேதியின் கிழமை ஒத்துவருகிறதா பாருங்கள்.

கிஸ்தி எனும் நிலவரி ரசீதிலும், ஊர்ச் சாகுபடிக் கணக்கான அடங்கலிலும் பசலி எனும் வருவாய்த்துறை ஆண்டு வரும். பசலியுடன் 590 கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு. பசலி 1300 என்பது 1890 ஜூலை 1 முதல் 1891 ஜூன் 30 வரை. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். 824 கூட்டினால் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1075 ஆவணியில், 1899 ஆகஸ்டில் தொடங்கியது. அந்த ஏட்டில் பசலி என்று நினைத்து 590 கூட்டினால் இருநூற்று முப்பத்து நாலு ஆண்டு பின்னே போய்விடுவோம்.

நாணயமும் அளவும்

நாணயத்தின் பெயரே ஊரையும் காலத்தையும் காட்டும். வராகன், பணம், காசு என்று ஓடினால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு முந்தியது. சென்னை வழக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) 1818இல் வெள்ளி ரூபாயை நிலைநாட்டியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வைத்தது. ஆனால் பேச்சிலும் கணக்கிலும் வராகன் சில காலம் நீடித்தது, ஆகவே இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். சக்கரம் வந்தால் திருவிதாங்கூர்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். 1957க்கு முந்திய ஏட்டில் ரூபாயும் சதமும் வந்தால் இலங்கைக் கடை, அங்கே 1872இலேயே நூறு சதம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. வெள்ளி என்று வந்தால் மலாயா, சிங்கப்பூர். செட்டிநாட்டு வீடுகளில் இவை எல்லாமே ஒரே பெட்டியில் கிடக்கும். வெளிநாட்டுக் கடைக்கு அனுப்பிய ஏஜெண்டு எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டும் அருகிலேயே இருக்கும். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. எந்த ஏடு யார் கையெழுத்து என்று அதை வைத்து ஆண்டுவாரியாகப் பொருத்தலாம். பர்மாக் கணக்குகள் 1942இல் திடீரென்று நின்றால் ஏடு தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஜப்பானியப் படை வந்து கடைகள் மூடிய ஆண்டு அது.

எடையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். சென்னை வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. வீசம் வேறு, வீசை வேறு, அவசரத்தில் கண் மாறிப் படிக்கும். தானியத்தில் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதால் லிட்டராக மாற்றி எழுதாமல், ஏட்டில் இருப்பதையே எழுதி ஊரைக் குறியுங்கள்.

நிலத்தில் காணி என்ற சொல்லிடம் எச்சரிக்கை வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காணி 24 மனை, ஏறக்குறைய 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கம் 20 மா ஒரு வேலி, வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். அங்கே காணி என்பது வேலியில் 80இல் ஒரு பங்காகவும் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் நிலம் 16 மடங்கு வீங்கிவிடும் அல்லது சுருங்கிவிடும். செக்குபந்தியில் சொல்லும் நான்கெல்லையோடு ஒத்துப் பார்த்த பிறகே அளவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆளை அடையாளம் காண்பது

பழைய கையெழுத்தில் புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ணை, லை, னை போன்றவை துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும், அவை 1978இல் தான் மாறின. இது எல்லாம் பழகிவிடும். பழகாத சிக்கல் பெயர்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். 1890இன் ஏட்டில் இருப்பவரும் 1935இன் பத்திரத்தில் இருப்பவரும் ஒரே ஆள் என்று ஒட்டிவிட்டால் வம்சவழியில் ஒரு தலைமுறை காணாமல் போகும். ஆகவே பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். தந்தை பெயர், ஊர், கையெழுத்து வடிவம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். நகரத்தார் ஏடுகளில் விலாசம் எனப்படும் முதலெழுத்து வரிசை உதவும். புது எழுத்து முன்னால் சேர்ந்தால் தலைமுறை மாறியது அல்லது பங்கு பிரிந்தது என்று ஊகித்துத் தேடலாம். சுவீகாரம் நடந்த வீட்டில் தந்தை பெயரே மாறும். சுவீகாரப் பத்திரமோ பிள்ளை கூட்டிய எழுத்தோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பெண்களின் பெயர் நாள்வழியில் அரிதாக வரும். அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: சீர்வரிசைப் பட்டியல், இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்), உயில், ஜீவனாம்ச ஏற்பாடு, நகையை அடகு வைத்த சீட்டு. இவற்றைத் "துண்டுக் காகிதம்" என்று ஒதுக்கிவிட்டால் வீட்டில் பாதிப் பேர் வரலாற்றிலிருந்து போய்விடுவார்கள்.

வெளிச் சான்றுக்குச் சார்பதிவகம் உண்டு. 1864ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் பதிவான பத்திரங்களின் முதுகில் புத்தக எண், தொகுதி, பக்கம், ஆவண எண், ஆண்டு எழுதியிருக்கும். 1ஆம் புத்தகம் அசையாச் சொத்து, 3ஆம் புத்தகம் உயில். முன்பக்கம் முழுவதும் கிழிந்தாலும் இந்த எண்கள் தப்பியிருந்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய நில அளவை, இனாம் பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909 முதல் சென்னை ஆவண அலுவலகமாக இருந்தது அதுதான். போகும் முன் ஊர், தாலுகா, அன்றைய மாவட்டம், சர்வே எண் கையில் இருக்க வேண்டும். இன்றைய மாவட்டப் பெயரைச் சொன்னால் தேடல் நகராது.

பட்டியல் எழுதி ஒப்படைத்தல்

தாளுக்குத் தாள் பட்டியல் எழுதத் தொடங்கினால் முடியவே முடியாது. முதலில் கட்டுக்கு ஒரு பதிவு: கட்டு எண், பெட்டியில் கிடந்த இடம், ஏட்டில் உள்ளபடி தலைப்பு, ஆவண வகை, தொடக்க முடிவுத் தேதி (ஏட்டில் உள்ளபடியும் ஆங்கிலத்திலும்), தாள் எண்ணிக்கை, மொழி, எழுத்து, சேத நிலை. ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். இல்லையேல் உங்கள் ஊகம் பத்தாண்டில் ஆதாரமாகிவிடும். மராத்தியின் மோடி எழுத்தோ தெலுங்கோ வந்து படிக்க முடியாவிட்டால் "படிக்கவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

காப்பகத்துக்குக் கொடுக்கும்போது, நன்கொடையா, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு மட்டும் வைப்பதா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, அடுத்த தலைமுறை திரும்பக் கேட்டு மனத்தாங்கலில் முடிவது உண்டு. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திடுவது நல்லது, கூட்டுக் குடும்ப ஏடு ஒருவருக்குச் சொந்தமில்லை. இன்னும் நடப்பில் உள்ள சொத்தின் மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், படியைக் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் கடன், நோய், வழக்கு பற்றிய கட்டுகளைக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடிவைக்கும்படி நிபந்தனை போடலாம். எந்த ஆண்டு என்று எண்ணால் எழுதுங்கள். கட்டு வரிசையைக் கலைக்கக் கூடாது, மின்படி ஒரு தொகுதி வீட்டுக்கு வேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

மூலத்தைப் பிரிய மனமில்லாதவர்கள் படமெடுக்க மட்டும் இசைவு தரலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கிராமத் தீர்ப்பு ஆவணங்கள் அப்படித்தான் மின்படியாகி எவரும் பார்க்கும்படி கிடைக்கின்றன.

ஒப்படைக்கும் நாளில் பட்டியலை இரண்டு படி எடுத்து, கட்டுக்குக் கட்டு எண்ணிச் சரிபார்த்து, இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். உங்கள் படியைக் காலியான அதே பெட்டிக்குள், எந்தக் காப்பகம், என்ன சேர்க்கை எண் என்ற குறிப்போடு வைத்துப் பரணில் ஏற்றுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு வழி தெரிய வேண்டும்.